காதில் தொங்கிய தப்பு

இசோகாய் தெய்ஜி தன் வாழ்நாளில் மனதார வெறுத்தவை இரண்டு. ஒன்று, தப்பாக விழுந்த கண். இன்னொன்று, முகாய் கூட்டும் கூட்டம்.

கண் என்று நாங்கள் சொல்வது தாளில் போடும் துளையை. தக்காளி போலிருக்கும் காக்கிப் பழத்தின் துவர்ப்புச் சாற்றால் ஒட்டி, புகையில் வாட்டிய பழுப்புத் தாளை ஆறாறாக அடுக்கி, அரைவட்ட முனையுள்ள குத்தூசியை நிமிர்த்தி வைத்து ஒரு திருகு திருகினால் ஒரு கண் விழும். தாள் முழுக்க முப்பதாயிரம் கண் போட்டால்தான் அது அச்சுத்தாள். அப்புறம் அதைத் துணிமேல் விரித்துச் சாயக்காரர் பசை இழுத்தால் கிமோனோவில் பொடிப்புள்ளி விழும். இதில் இரண்டு கண்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனால் தீர்ந்தது. அடுக்கில் இருக்கும் ஆறு தாளும் வீண். ஒன்றரை மாத வேலை.

ஷிரோகோ கோயில் மரத்தின் இலையைப் புழு அரித்ததைப் பார்த்துத்தான் எங்கள் ஊரில் இந்தத் தொழிலே பிறந்ததாம். அந்தப் புழுவுக்கு எத்தனை தப்பு விழுந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. தெய்ஜிக்கு முப்பது வருஷத்தில் விழுந்தவை முப்பத்திரண்டு. ஒவ்வொன்றும் எந்த நாளில், யாரால் விழுந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். யாரால் என்றால், அவரால் விழுந்ததே இல்லை. ஒன்று மாமியார் தும்மியதால். ஒன்று தபால்காரர் மணி அடித்ததால். ஒன்று அடுத்த மாநிலத்தில் வந்த நிலநடுக்கத்தால். தப்பு விழுந்ததும் சிவப்புப் பென்சிலால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். “ஓய், குப்பைல போடு” என்று மனைவி மிச்சியோவிடம் ஆறு தாளையும் நீட்டிவிட்டு, இரண்டு நாள் யாருடனும் பேசமாட்டார்.

இனி முகாய். அவர் அச்சுத்தாள் வளர்ச்சி மன்றத்தின் தலைவர். கார் விற்று ஓய்வு பெற்றவர். அச்சுத்தாளை எப்படி வெட்டுவது என்ற ஒன்றைத் தவிர அதைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். மூன்று வருஷத்துக்கு முன் வசந்த காலத்தில் அவர் ஒரு கூட்டம் போட்டார். தலைப்பு: ‘அன்றாட வாழ்வில் அச்சுத்தாள்’. அவரவர் முன்னால் தேநீரும் ஒரு அரிசி அப்பளமும் வைக்கப்பட்டன. நான் கதவருகே உட்கார்ந்திருந்தேன். ரயில் நிலையத்துக்கு எதிரே மன்றம் நடத்தும் சின்ன விற்பனைக் கடையில் கல்லாவில் உட்காருபவள் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள்.

“கிமோனோ கட்டறவங்க குறைஞ்சுட்டாங்க. ஆனா பாருங்க, காது எல்லாருக்கும் இருக்கு!” என்றார் முகாய்.

இந்தக் கண்டுபிடிப்பைக் கேட்டு இரண்டு பேர் தலையசைத்தார்கள். அச்சுத்தாளில் காதணி, கைபேசி உறை, புத்தக அடையாளம், விலாச அட்டைப் பை எல்லாம் செய்ய வேண்டும் என்று அவர் சுவரில் படம் காட்டினார். படத்தில் இருந்த பெண்ணுக்குக் காதே தெரியவில்லை, முடி மறைத்திருந்தது.

தெய்ஜி அப்பளத்தைக் கீழே வைத்தார். “முகாய்-சான், நான் ஒண்ணு கேக்கலாமா?”

“தாராளமா.”

“முப்பது வருஷமா நான் மூச்சை அடக்கிட்டு உக்காந்திருக்கேன். எதுக்கு? எவளோ ஒருத்தி காதுல தொங்கிட்டு ஆடறதுக்கா?”

“காலம் மாறுதுங்க, இசோகாய்-சான்.”

“மாறட்டும். காலம் வந்து என்கிட்ட கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க எதுக்கு நடுவுல?”

அத்துடன் எழுந்து போய்விட்டார். முகாய் குறிப்பேட்டில் ‘கைவினைஞர்கள் ஆர்வத்துடன் கருத்துப் பரிமாறினர்’ என்று எழுதிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து மிச்சியோ என் கடைக்கு வந்தாள். பிஸ்கட் டப்பா ஒன்றைக் கல்லாமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே பஞ்சின்மேல் மூன்று ஜோடிக் காதணிகள். பழுப்பு நிறத்தில் ஐம்பது யென் காசளவு வட்டம், மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, தங்க நிறக் கொக்கி. வட்டத்துக்குள் மணல் தூவியது போலக் கண்கள். நடுவில் மட்டும் இரண்டு கண்கள் ஒன்றாகி, குட்டி நிலக்கடலை மாதிரி ஒரு வடிவம்.

“அழகா இருக்கே! யார் செஞ்சது?”

“நான்தான். தாள் அவரோடது. குப்பைல போடச் சொன்னார். முப்பதாயிரம் ஓட்டை போட்ட தாளைக் குப்பைல போட எனக்கு மனசு வருமா தொமோயோ? எல்லாத்தையும் அலமாரில அடுக்கி வச்சிருக்கேன். படுக்கை வைக்க எடமில்ல.”

“தாள்ல நல்ல எடம்தான் நிறைய இருக்குமே. தப்பான எடத்தையே வெட்டியிருக்க?”

“நல்ல எடமெல்லாம் ஒரே மாதிரி, தவிடு மாதிரி இருக்கு. இந்த எடத்துலதான் பாக்க ஏதோ இருக்கு. அதோட அவரே வட்டம் போட்டுக் கொடுத்திருக்கார். கத்தரிக்கோலுக்கு ரொம்ப வசதி.”

ஒரு தப்புக்கு ஆறு தாள், ஆறு வட்டம், மூன்று ஜோடி. அப்படி முப்பத்திரண்டு தப்புகள் அவளிடம் கையிருப்பில் இருந்தன. செய்தவர் பெயர் என்ன போடுவது என்று கேட்டேன். “பேரே வேணாம். அவருக்குத் தெரிஞ்சா வீட்ல நாலு மாசம் சத்தமே இருக்காது” என்றாள். ‘பெயர் சொல்ல விரும்பாத கலைஞர்’ என்று அட்டை எழுதி வைத்தேன்.

முதல் இரண்டு மாதத்தில் பதிமூன்று ஜோடி விற்றது. எங்கள் கடையில் அதற்கு முன் அதிகம் விற்ற பொருள் குடை. அதுவும் மழை நாளில் மட்டும்.

தெய்ஜிக்கு விஷயம் தெரிந்தது பல் வைத்தியரிடம். அங்கே உதவியாளராக இருக்கும் சிசாதோ என்ற பெண் அன்று மாலையே என்னிடம் வந்து சொன்னதால், எனக்கு இது நேரில் பார்த்தது போலத்தான்.

தெய்ஜி நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறார். வாய் திறந்திருக்கிறது, உள்ளே உறிஞ்சுகுழாயும் சின்னக் கண்ணாடியும். சிசாதோ குனிகிறாள். அவள் காதணி அவர் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து ஆடுகிறது. முப்பது வருஷம் ஊசி முனை அளவுத் துளையைப் பார்த்துப் பழகிய கண். மாமியார் தும்மிய தப்பு அது.

“ஆஆ! ஆஆஆ!” என்றிருக்கிறார்.

“வலிக்குதா? இதோ முடிஞ்சுது.”

“ஆஆ ஆ ஆஆ!”

“அவருக்கு மரத்துப்போகலை போல இருக்கு” என்று வைத்தியர் இன்னொரு ஊசி போட்டிருக்கிறார். சிசாதோ இன்னும் நெருங்கிக் குனிந்து ஆறுதலாகத் தோளைத் தட்டியிருக்கிறாள். காதணி அவர் மூக்கைத் தொட்டிருக்கிறது. பாதி முகம் மரத்துப்போய், எச்சில் ஒழுக எழுந்தவர், “எங்க வாங்கினே?” என்று கேட்க முயன்று முடியாமல், கடைசியில் ரசீதின் பின்னால் எழுதிக் கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு என் கடைக்குள் ஒரு மர்ம மனிதர் நுழைந்தார். முகமூடி, கறுப்புக் கண்ணாடி, கார் பந்தயத் தொப்பி. வெளியே சைக்கிள் நின்றது. அது இசோகாய் வீட்டுச் சைக்கிள், கூடையில் மிச்சியோவின் மழைக்கோட்டு.

“நான் நகோயாவிலிருந்து வருகிறேன். என் பேத்திக்குக் காதணி தேவைப்படுகிறது” என்றார், தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பது போல. தெய்ஜிக்குப் பேத்தி கிடையாது. பிள்ளையே கிடையாது.

“எத்தனை ஜோடிங்க?”

“எல்லாம்.”

“பேத்திக்கு எத்தனை காதுங்க?”

முறைத்தார். கறுப்புக் கண்ணாடி வழியாக முறைப்பது வீண் வேலை. பணத்தை நீட்டிய கையில் கட்டைவிரல் நுனி காய்த்துப்போய், காக்கிச்சாறு ஏறிப் பழுப்பாக இருந்தது. இருந்த ஒன்பது ஜோடியையும் வாங்கிக்கொண்டு, “யார் கொடுக்கிறார்கள் இதை? பழைய காகித வண்டிக்காரனா?” என்று கேட்டார்.

“கலைஞர் பேர் சொல்ல விரும்பலைங்க.”

“திருடனுக்குப் பேர் எப்படி இருக்கும்?” என்று முணுமுணுத்தபடி போனார். போகும்போது செய்தி வாசிப்பை மறந்துவிட்டார்.

நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். மிச்சியோவிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடையை மூடிவிடுவதைப் பற்றி மன்றத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. குடை மட்டும் விற்கும் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் என்னைக் குறை சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

மிச்சியோவிடம் “எல்லாம் போயிடுச்சு” என்றேன். அவள் முகம் சிவந்துபோனது. “எல்லாமா? யாரு வாங்கினா?” “நகோயாக்காரர் ஒருத்தர்.” “நகோயாவா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஐம்பத்தாறு வயதில் அவள் செய்த எதையும் அதுவரை யாரும் பாராட்டியதில்லை. அவள் சமையலைப் பற்றிக் கணவர் சொன்ன மிக உயர்ந்த வார்த்தை, ‘சூடா இருக்கு’. அடுத்த வாரமே இன்னும் நான்கு தப்புகளை வெட்டிக் கொண்டுவந்தாள். நகோயாக்காரர் வந்து பன்னிரண்டு ஜோடியையும் அள்ளிக்கொண்டு போனார்.

இப்படியே கோடை முழுக்க நடந்தது. ஷிரோகோவில் அந்த நகோயாக்காரரை நேரில் பார்த்தும் அடையாளம் தெரியாதவர்கள் இருவர்தான். ஒருவர், தன்னை யாருக்கும் தெரியாது என்று நம்பிய தெய்ஜி. இன்னொருவர் முகாய். ஒருநாள் முகாய் கடையில் இருக்கும்போதே அவர் வந்துவிட்டார். நான் அவசரமாகக் குடைகளை அடுக்க ஆரம்பித்தேன். முகாய்க்கோ முகம் மலர்ந்தது.

“ஐயா, ஒரு நிமிஷம்! எங்க மன்றத்துக்காக ரெண்டே கேள்வி. இந்தக் காதணில உங்களுக்குப் பிடிச்சது என்ன?”

“ஒண்ணுமே இல்ல.”

முகாய் ‘எளிமை’ என்று எழுதினார்.

“இதைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?”

“எல்லாத்தையும் கொளுத்தணும்னு தோணுது.”

‘மனதில் நெருப்பு மூட்டும் அழகு’ என்று எழுதினார். அடுத்த கூட்டத்தில் விற்பனை ஏறுமுகமாக இருக்கும் படம் ஒன்று சுவரில் தெரிந்தது. அச்சுத்தாள் காதணியின் எதிர்காலம் நகோயாவைச் சேர்ந்த அறுபது வயது ஆண்களிடம்தான் இருக்கிறது என்று முகாய் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார். நரைத்த தலை ஆண் ஒருவர் காதணி அணிந்து புன்னகைக்கும் சுவரொட்டிக்கு ஏற்பாடு செய்வதாக அறிவித்தார். தெய்ஜி முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

செப்டம்பரில் தப்புகள் தீர்ந்துவிட்டன.

“அவர் ஒண்ணுமே பண்ண மாட்டேங்கறார் தொமோயோ! வருஷத்துக்கு ஒண்ணாவது விழும், இந்த வருஷம் ஒண்ணுகூட இல்ல. நேத்து சாயங்காலம் கேட்டேன், என்னங்க, இன்னிக்கும் ஒண்ணும் ஆகலையான்னு. என்னைப் பெருமையாப் பாத்து, ஆகவே ஆகாதுங்கறார்.”

காரணம் எனக்குத் தெரியும். இனி ஒரு தப்பு விழுந்தால் அதுவும் யார் காதிலாவது போய்த் தொங்கும் என்ற பயத்தில் மனிதர் மூச்சே விடாமல் வேலை செய்துகொண்டிருந்தார்.

மிச்சியோ நல்லவள். எங்கள் ஊரிலேயே நல்லவள். அவள் பாத்திர மூடிகளைக் கீழே போட ஆரம்பித்தாள். முதல் நாள் ஒரு மூடி. மறுநாள் இரண்டு மூடி, ஒரு இரும்புச் சட்டி. தெய்ஜியின் கை அசையவில்லை. “கைல என்ன வெண்ணெயா?” என்று மட்டும் உள்ளிருந்து குரல் வந்ததாம். நான்காம் நாள் அவள் மூடி எதையும் போடவில்லை. பூனை நடை நடந்து போய், அவர் காதருகில் குனிந்து, “என்னங்க” என்று மெல்லக் கூப்பிட்டாள். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட அதே குரலில். குத்தூசி வழுக்கியது.

அன்று மாலை அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, மிச்சியோ ஊரிலேயே உயர்ந்த மாட்டிறைச்சி வாங்கி வந்து சுக்கியாக்கி பொங்க வைத்தாள். தொட்டுக்கொள்ளப் பச்சை முட்டை ஆளுக்கு இரண்டு. “போனாப் போகுது, விடுங்க” என்று அவர் கிண்ணத்தில் இறைச்சித் துண்டுகளாகப் போட்டாள். முப்பத்திரண்டு தப்புகளுக்குக் கிடைக்காத ஆறுதல் முப்பத்துமூன்றாவதுக்குக் கிடைத்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். அவளுக்கும் கலங்கியது, அது வேறு காரணம்.

இரண்டு வாரம் கழித்து நகோயாக்காரர் வழக்கம்போல வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்தவர் நிமிரவே இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முகமூடியையும்.

“இது சுக்கியாக்கி.”

நான் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ண ஆரம்பித்தேன்.

“தொமோயோ, இது சுக்கியாக்கி அன்னிக்கு விழுந்தது. இந்தத் தாள் வீட்டை விட்டே போகல. காகித வண்டி இந்த மாசம் நம்ம தெருவுக்கே வரல.” குரல் மெதுவாக இறங்கியது. “அப்ப, என்னங்கன்னு கூப்பிட்டாளே…”

அந்த நேரம் பார்த்துத்தானா மிச்சியோ பிஸ்கட் டப்பாவுடன் உள்ளே வர வேண்டும்! வாசலிலேயே நின்றாள். பந்தயத் தொப்பியைப் பார்த்தாள். வெளியே நின்ற சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“தொமோயோ, நகோயாக்காரர்…”

“இவர்தான்” என்றேன். வேறு வழி இல்லை.

“எல்லாமும் இவர்தானா?”

“முதல்ல வித்த பதிமூணைத் தவிர.”

அவள் குடைகளுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நகோயால ஒருத்தருக்கு நான் செஞ்சது இவ்வளவு பிடிச்சிருக்கேன்னு நெனச்சேன்” என்றாள். “மெனக்கெட்டு ரயில் ஏறி வர்றாரேன்னு. அவருக்காகக் கொக்கிகூட நல்ல கொக்கியா மாத்தினேன்.”

“என் மானத்தை ஊர் பூரா காதுல மாட்டி விட்டிருக்கே. நீ கொக்கியைப் பத்திப் பேசறியா!” என்றார் தெய்ஜி.

“குப்பைன்னீங்க. குப்பைக்கு ஏது மானம்?”

“நான் போட்ட கண்ணுடி அது!”

“நல்ல கண்ணுக்கெல்லாம் உங்க பேர். ஒட்டிப்போனதுக்கு எங்க அம்மா பேர். தும்மினாங்களாம்! எங்க அம்மா செத்து பன்னெண்டு வருஷமாச்சு. இன்னும் வீட்ல தும்மிட்டே இருக்காங்க.”

தெய்ஜி தொப்பியைக் கழற்றினார்.

“அந்தப் பதிமூணையும் வாங்கப் போனேன்” என்றார் கடைசியில், தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு. “வீடு வீடாப் போனேன். மூணு மடங்கு விலை சொன்னேன். பதினோரு பேர் குடுத்துட்டாங்க. ரெண்டு பேர் மாட்டேன்னுட்டாங்க. பல் ஆஸ்பத்திரிப் பொண்ணு ஒண்ணு.”

“ஏன் குடுக்கலையாம்?”

“இது தப்பும்மா, இதோ பாரு, இங்க ரெண்டு கண் ஒட்டியிருக்கு, இப்படித்தான் ஆச்சுன்னு விளக்கிச் சொன்னேன். முன்னாடி சும்மா அழகா இருக்குன்னு வாங்கினாளாம். இப்பத்தான் ரொம்பப் பிடிக்குதாம். கிறுக்கு.”

மிச்சியோ எழுந்து, டப்பாவைக் கல்லாமேல் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு போனாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று வாரம் என்னுடன் பேசவில்லை, தெருவில் எதிர்ப்பட்டால் சைக்கிள் மணியை மட்டும் அடித்துவிட்டுப் போனாள். அது எனக்குத் தகும். மூன்றாவது வாரத்தில் தெய்ஜி, தான் வாங்கிப் பூட்டி வைத்திருந்த காதணிகள் மொத்தத்தையும் பழத்தட்டில் கொண்டுவந்து என் கடையில் கொட்டினார். “அவ செஞ்சது. கொளுத்த மாட்டேன். ஆனா யாராவது வாங்கறதா இருந்தா, என்னன்னு தெரிஞ்சு வாங்கட்டும்” என்றார். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கணக்கில் அது வாடிக்கையாளரை எச்சரிக்கும் காவல்.

அது கார் பந்தய வாரம். உலகத்தில் இருக்கும் நிறமெல்லாம் சட்டையாகப் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் எங்கள் நிலையத்தில் இறங்கி, பந்தயத் திடலுக்குப் பேருந்துக்காக வரிசையில் நிற்பார்கள். நின்று நின்று சலித்தவர்கள் கடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். குடை விலை கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அன்று உள்ளே ஒரு வயதான மனிதர் ஒவ்வொரு காதணியாகத் தூக்கிக் காட்டி ஆவேசமாக எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

“இதை வாங்காதீங்க! இது தபால்காரன் மணி அடிச்சது! இதோ, இது மோசம், நிலநடுக்கம்!” உடம்பையே ஆட்டிக் காட்டினார். “இது… இது…” சுக்கியாக்கித் தப்பைக் கையில் எடுத்தவர் அதை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு வார்த்தைகூடப் புரியாத இத்தாலியர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருவர் நிலநடுக்கத்தை மனைவிக்கு வாங்கினார். வாங்காதே என்று தெய்ஜி கையைப் பிடித்துத் தடுக்க, வயதான கலைஞர் பிரிய மனமில்லாமல் தவிக்கிறார் என்று நினைத்து அந்த மனைவி அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். டோக்கியோவிலிருந்து வந்திருந்த பெண்கள் இருவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அவர்கள் ஆளுக்கு இரண்டு தப்பு வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பழத்தட்டு காலி.

“இவங்களுக்கெல்லாம் காது இருக்கே தவிர, கேக்கவே மாட்டேங்குது” என்று தெய்ஜி களைத்துப்போய் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் அவர் வெட்டிய நல்ல தாள்களை நேரில் வந்து பார்த்துப் பாராட்டியவர் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. அவரே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தது போலத் தோன்றியது. அன்று மாலை வீட்டில் மிச்சியோவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் காலை அவள் கடைக்கு வந்து, “ஒரே கட்டிப்பிடிப்பாமே?” என்றாள். எங்களுக்குள் பேச்சு வந்துவிட்டது.

முகாய் சும்மா இருப்பாரா? இசோகாய் வீட்டுக்கு அரிசி அப்பளப் பெட்டியுடன் போனார். நானும் உடன் போனேன்.

“இசோகாய்-சான், மன்றத்தோட பணிவான வேண்டுகோள். மாசத்துக்கு நாலு தப்பு. முடிஞ்சா அஞ்சு.”

தெய்ஜி அப்பளப் பெட்டியை அவர் பக்கமே தள்ளினார். “முகாய்-சான், நீங்க கார் வித்தப்போ மாசத்துக்கு நாலு விபத்து பண்ணிக் குடுத்தீங்களா?”

“அது வேறங்க…”

ஆனால் மிச்சியோவுக்காக அவர் முயன்று பார்த்தார். இது ஊருக்குத் தெரியாது. மனைவி கேட்காமலேயே ஒருநாள் வேண்டுமென்று குத்தூசியைத் தவறான இடத்தில் வைத்தாராம். கை திருகவில்லை. கால்மணி நேரம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, “வர மாட்டேங்குது” என்று எழுந்துவிட்டாராம். மிச்சியோ சிரித்துச் சிரித்து அடுப்பை அணைக்க மறந்துவிட்டாள். அப்புறம் அவளே தாளை மடியில் வைத்துக் கொண்டு துளை போட ஆரம்பித்தாள். ஊசியைத் திருகாமல் ஓங்கிக் குத்தினாள். எலி கடித்தது போல இருந்தது. தெய்ஜி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “இதுல எது தப்பு?” என்று உண்மையாகவே கேட்டார். அதுவும் விற்றது.

போன மாதம் நகோயாவின் பெரிய கடை ஒன்றில் ஆறு நாள் விற்பனைக்கு மிச்சியோவை அழைத்தார்கள். இந்த முறை அட்டையில் அவள் பெயரே இருந்தது. கிளம்புவதற்கு முன் கணவருக்கு ஆறு நாளுக்கும் சாதம் பொட்டலம் கட்டிக் குளிர்பெட்டியில் உறைய வைத்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிவிட்டுப் போனாள். நான்காம் நாள் மதியம் தெய்ஜி என் கடைக்கு வந்தார். முகமூடி இல்லை, தொப்பி இல்லை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

“தொமோயோ, உன் போன்ல அவளைக் கூப்பிடு. என்னோடது எங்கே வச்சேன்னு தெரியல.”

கூப்பிட்டுக் கொடுத்தேன்.

“ஓய். நான்தான். சாப்பிட்டேன். நேத்தோடதைச் சாப்பிட்டேன். இன்னிக்கோடது நேத்தே காலி. அது இல்ல விஷயம்.” தொண்டையைச் செருமினார். “ரெண்டு கண் ஒட்டிப்போச்சு.”

மறுமுனையில் கடை இரைச்சல் கேட்டது. பிறகு மிச்சியோவின் குரல், எனக்கும் கேட்கும்படி: “யார் தும்மினது?”

தெய்ஜி கண்ணாடிப் பெட்டிமேல் இருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

“யாருமில்ல. வீட்ல சத்தமே இல்ல. நான்தான்” என்றார்.

“ஆறு தாளா?”

“ஆறு.”

“சிவப்பு வட்டம் போட்டு வைங்க. கத்தரிக்கோலைத் தொட்றாதீங்க.”

போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனவர், இரண்டடி போய்த் திரும்பி வந்தார். நல்ல மாட்டிறைச்சி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். சொன்னேன். சமைக்கவும் தெரியுமா என்று கேட்டேன். “சூடு பண்ணத் தெரியும்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.